பின் சீட்டுக்குக் கீழே ஒரு பெட்டி

காரமடையைத் தாண்டி மேட்டுப்பாளையம் போகும் சாலையில், ஒரு கல்யாண மண்டபத்துக்கும் ஒரு கோழிப் பண்ணைக்கும் நடுவில் ஒரு சோதனைக்கூடம் இருக்கிறது. அங்கே ஒரு குருவும் ஒரு சீடரும் வேலை பார்த்தார்கள். குருவுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். சீடருக்குத் தலை முழுக்க நரைத்துவிட்டது.

குருவின் பெயர் பூங்கோதை. தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். சீடர் மருதாசலம், உள்ளூர்க்காரர். மில்களில் மோட்டாரை ஓட்டும் மின்பெட்டிகளைப் பழுது பார்த்தே காலம் தள்ளியவர். அந்தப் பெட்டிகளுக்குள் இருந்ததெல்லாம் சிலிக்கான் சில்லுகள். இப்போது அந்த இடத்துக்குச் சிலிக்கான் கார்பைடு வந்துவிட்டது. தெரிந்ததை வைத்து மிச்ச நாளை ஓட்டியிருந்தால் யாரும் அவரைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவரோ பூங்கோதையிடம் வந்து, "எனக்கு ஒண்ணாங்கிளாஸ்ல இருந்து சொல்லிக் குடுங்க மேடம்" என்றார்.

அந்த வயதில் அப்படிக் கேட்க நெஞ்சு வேண்டும். அது அவரிடம் இருந்தது. ஆனால் யாராவது தன்னைப் பார்த்துச் சிரித்துவிட்டால் மட்டும் மனிதருக்குத் தாங்காது. ஒரு வாரம் சோறு இறங்காது.

அந்தப் புதன்கிழமை காலை அவர் டீயைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

"என்ன அண்ணாச்சி, டீ ஆறுது" என்றார் பூங்கோதை.

"ஒண்ணு கேக்கோணுங்க மேடம்."

"கேளுங்க."

"இந்தப் புதுச் சில்லு பழசைவிடக் கெட்டிதானுங்க?"

"கெட்டிதான். எலக்ட்ரானை லேசுல விடாது. சிலிக்கானைப் போல மூணு மடங்கு இழுத்தாத்தான் விடும்."

"சூடு தாங்குமுங்க?"

"தாங்கும்."

"வோல்டேஜ்?"

"அதே கனத்துக்குப் பத்து மடங்கு தாங்கும்."

மருதாசலம் டம்ளரைக் கீழே வைத்தார்.

"அப்ப, உள்ள ஷார்ட் ஆச்சுன்னா, பழசு பொறுத்த நேரத்தைவிட இது அதிகமாத்தானுங்க பொறுக்கும்?"

பூங்கோதை அவருடைய முகத்தையே பார்த்தார். மருதாசலம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அவர் ஏன் அப்படிக் கேட்டார் என்றால், அதற்குக் காரணம் ஒரு பஸ்.

கோத்தகிரிக்கு மேலே இருக்கும் ஒரு தேயிலை எஸ்டேட்டுக்காக, சோதனைக்கூடத்தை நடத்தும் நிறுவனம் ஒரு மின்சார பஸ் செய்திருந்தது. பேட்டரி மின்சாரத்தை மோட்டாருக்கு ஏற்றபடி வெட்டி வெட்டிக் கொடுக்கும் பெட்டி, பின் சீட்டுக்குக் கீழே இருந்தது. அதற்குள் சிலிக்கான் கார்பைடு சில்லுகள், மேலே ஒன்று கீழே ஒன்று என்று ஜோடி ஜோடியாக. ஜோடியில் ஒன்று மின்சாரத்தை விடும்போது மற்றது தடுக்க வேண்டும். தப்பித் தவறி இரண்டும் சேர்ந்து விட்டுவிட்டால் ஷார்ட். பேட்டரியின் மொத்த பலமும் அந்த இரண்டு சில்லுகள் வழியாகப் பாயும். அதைக் கண்டுபிடித்து உடனே நிறுத்துவதற்கென்றே ஒரு காவல் சர்க்யூட் உண்டு. பூங்கோதை அமைத்துக் கொடுத்தபடி, அது ஒரு நொடியைப் பத்து லட்சம் கூறாக்கி அதில் இரண்டு கூறு நேரம்தான் காத்திருக்கும். அதற்குள் நிலைமை சரியாகாவிட்டால் எல்லாவற்றையும் அணைத்துவிடும். பஸ் நின்றுபோகும். பிரேக் தனியாக வேலை செய்வதால் பஸ் பின்னால் உருளாது. நிற்கும், அவ்வளவுதான்.

சீட்டுகளில் ஆட்களுக்குப் பதிலாக மணல் மூட்டைகளை வைத்து முதல் ஓட்டம் விட்டார்கள். ஒரு கொண்டை ஊசி வளைவில் பஸ் நின்றது. பெட்டியைத் திறந்து பார்த்தால் ஷார்ட்டும் இல்லை, ஒன்றும் இல்லை. மறுபடி கிளப்பினார்கள். அடுத்த வளைவில் மறுபடி நின்றது. பின்னால் ஒரு கல்யாண வேன். அதற்குப் பின்னால் ஊரே நின்று ஹாரன் அடித்தது. கூட வந்திருந்த நிறுவனத்து முதலாளி இறங்கி, மருதாசலத்தைப் பார்த்து, "என்னுங் மாமா, மணல் மூட்டையைப் பார்த்தே உங்க பெட்டி பயப்படுது. ஆளுக ஏறுனா மயக்கம் போட்டுருமாட்ட இருக்குது" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். கல்யாண வேனில் இருந்தவர்களும் சிரித்தார்கள். அன்றிலிருந்து கேன்டீனில் அவருக்கு 'ஃபியூஸ் மாமா' என்று பெயர் விழுந்தது.

மறுநாள் மருதாசலம் யாருக்கும் சொல்லாமல் காத்திருக்கும் நேரத்தை இரண்டு கூறிலிருந்து பத்துக் கூறாக்கினார். பழைய சிலிக்கான் பெட்டிகளுக்கு அவர் காலமெல்லாம் வைத்த நேரம் அதுதான். அத்தனை வருஷத்தில் ஒரு பெட்டியும் அவரைக் கைவிட்டதில்லை. பழசே பத்துக் கூறு பொறுத்தது, இது அதைவிடக் கெட்டி என்று நினைத்தார். அதன் பிறகு பஸ் எந்த வளைவிலும் நிற்கவில்லை. முதலாளி தோளில் தட்டிக் கொடுத்தார்.

பஸ் ஒழுங்காக ஓட ஓட அவருக்குப் பயம் வந்தது. சும்மா வந்து போகும் பயம் இல்லை, கூடவே இருக்கும் பயம். காவல் சர்க்யூட் வாயைத் திறக்காதது ஆபத்து இல்லாததாலா, தான் வாயை அடைத்ததாலா என்று அவருக்குத் தெரியவில்லை. இன்று முதல் தடவையாக அந்த பஸ்ஸில் ஆட்கள் ஏறப் போகிறார்கள். மேட்டுப்பாளையம் சந்தைக்கு இறங்கி வந்திருக்கும் எஸ்டேட் பெண்கள். ராகு காலம் கழிந்து இரண்டு மணிக்குக் கிளம்புவதாக ஏற்பாடு.

பூங்கோதை எழுந்தார்.

"வாங்க அண்ணாச்சி."

"எங்கீங்க?"

"நீங்க கேட்டதை அதுகிட்டயே கேப்போம்."

சோதனை அறையின் நடுவில் கனமான இரும்புக் கூண்டு ஒன்று இருந்தது. அதற்குள் ஒரு பழைய சிலிக்கான் சில்லும் ஒரு புதிய சில்லும். பழையது கட்டைவிரல் நகம் அளவு. புதியது சுண்டுவிரல் நகத்தில் பாதிகூட இல்லை. இரண்டையும் தனித்தனியாக ஷார்ட் செய்து பார்க்கும்படி பூங்கோதை கம்பிகளைப் பொருத்தினார். கூண்டை மூடினார். சிவப்பு விளக்கு எரிந்தது. இருவரும் தடுப்புக்குப் பின்னால் வந்து நின்றார்கள்.

"பஸ்ல எவ்வளவு நேரம் வச்சிருக்கீங்களோ, அதையே இங்கயும் வைங்க."

மருதாசலம் பத்து என்று வைத்தார். பூங்கோதை அந்த எண்ணைப் பார்த்தார். அவர் முகம் வெளுத்தது. ஆனாலும் குரலை உயர்த்தவில்லை.

"முதல்ல பழசு. நீங்களே அமுக்குங்க."

மருதாசலம் பொத்தானை அமுக்கினார். டக் என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். சில்லுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவர் மூச்சு விட்டார்.

"இப்ப புதுசு."

"நீங்க அமுக்குங்க மேடம்."

"நீங்கதான் கேட்டீங்க."

அவர் கண்ணை மூடிக்கொண்டு அமுக்கினார். காதுக்குப் பக்கத்தில் யாரோ இரும்புக் கதவை ஓங்கி அறைந்தது மாதிரி இருந்தது. கண்ணைத் திறந்தபோது கூண்டு முழுக்க வெள்ளைப் புகை. கருகிய பிளாஸ்டிக்கின் நாற்றம் தொண்டையைப் பிடித்தது. புகை கலைந்ததும் பார்த்தார்கள். சில்லு இருந்த இடத்தில் ஒரு கருப்புக் குழி மட்டும் இருந்தது. அதை மூடியிருந்த பிளாஸ்டிக் துண்டு, கூண்டின் சுவரில் போய்ச் செருகியிருந்தது.

மருதாசலம் அந்தக் குழியையே பார்த்தார்.

"கெட்டின்னு சொன்னீங்களே மேடம்."

"கெட்டிதான். அதனாலதான் இத்துனூண்டா செய்ய முடியுது. அண்டாத் தண்ணி கொதிக்க நேரமாகும் அண்ணாச்சி. டம்ளர் தண்ணிக்கு எவ்வளவு நேரம் ஆகும்?"

அவர் தன் சுண்டுவிரல் நகத்தைப் பார்த்துக்கொண்டார்.

"எதுக்கு நேரத்தைக் கூட்டினீங்க?"

"சும்மா சும்மா நின்னுதுங்க. ஷார்ட் இல்லாமயே ஷார்ட்டுன்னு கத்துச்சுங்க."

"ஏன் கத்துதுன்னு தேடினீங்களா?"

"இல்லீங்க."

"காவல் சர்க்யூட்டோட கம்பி ஏதாவது பெரிய கம்பியை ஒட்டிப் போயிருக்கும். இந்தச் சில்லு வெட்டுற வேகத்துக்குப் பக்கத்துக் கம்பி அதிரும், அதைக் காவல் ஷார்ட்டுன்னு எடுத்துக்கும். தேடியிருந்தா அரை நாள் வேலை."

"தேடலீங்க."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"நீங்களும் சிரிச்சுருவீங்களோன்னுங்க."

பூங்கோதை ஒருநாளும் அவரைப் பார்த்துச் சிரித்ததில்லை. அதை எடுத்துச் சொல்லவும் இல்லை. "ரெண்டு மணி வரைக்கும் நேரம் இருக்கு. வாங்க, போய் மாத்துவோம்" என்று மட்டும் சொன்னார்.

அப்போது மருதாசலத்தின் செல்போன் அதிர்ந்தது. அலுவலக வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்திருந்தது. மாலை போட்ட பஸ். சக்கரத்துக்கு அடியில் நசுங்கிய எலுமிச்சம்பழம். ஜன்னல் எல்லாம் முகங்கள். கீழே முதலாளி எழுதியிருந்தார்: 'ராகு காலத்துக்கு முன்னாலயே கிளம்பியாச்சு.'

மருதாசலம் முதலாளியின் நம்பரைப் போட்டார். அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. மறுபடி போட்டார். விரல் வழுக்கி வேறு யாருக்கோ போனது. துண்டித்துவிட்டு மறுபடி போட்டார். இந்த முறை முதலாளி எடுத்தார்.

"என்னுங் மாமா, நல்லா ஏறுது வண்டி! நீங்களும் வந்திருக்கலாம்."

பின்னால் பெண்களின் பேச்சுச் சத்தம். யாரோ பாடினார்கள். ஒரு குழந்தை சிணுங்கியது.

"மொதலாளி, எங்கீங்க இருக்கறீங்க?"

"இப்பத்தான் மொத வளைவு திரும்புனோம்."

"நிறுத்தச் சொல்லுங்க. எல்லாரையும் எறக்குங்க. மொதல்ல பின் சீட்டுல இருக்கறவங்களை எறக்குங்க."

"ஏனுங், அங்கதான் கைக்குழந்தையோட ரெண்டு பேரு சொகமா உக்காந்திருக்காங்க. பெட்டிச் சூட்டுல கதகதப்பா இருக்குதாமா. என்ன, மறுபடி ஃபியூஸ் போறாப்பல கனவா?"

பஸ்ஸுக்குள் சிரிப்பு எழுந்தது. மருதாசலம் போனைப் பூங்கோதையிடம் நீட்டினார்.

"நீங்க பேசுங்க மேடம். நீங்க சொன்னாக் கேப்பாரு."

"நான் சொன்னா ஏன் எதுக்குன்னு கேப்பாரு. நான் விளக்கணும். நேரத்தைக் கூட்டினது நீங்க. நீங்க சொன்னா நிறுத்துவாரு. சொல்லுங்க, சீக்கிரம்."

அவர் போனைக் காதில் வைத்தார்.

"மொதலாளி, தப்பு என்னுதுங்க. காவல் சர்க்யூட்டு நேரத்தை நான் கூட்டி வெச்சுட்டேனுங்க. யாருக்கும் சொல்லலீங்க. உள்ள ஷார்ட் ஆச்சுன்னா அது நிறுத்தாது, பெட்டி வெடிக்கும். இப்பத்தான் என் கையால இங்க ஒண்ணு வெடிச்சுதுங்க. குழந்தைகளை எறக்குங்க மொதலாளி. ஏனுங்? கேக்குதுங்களா?"

பதில் இல்லை. போனைப் பார்த்தார். இணைப்பு அறுந்திருந்தது. எந்த வார்த்தையில் அறுந்தது என்று அவருக்குத் தெரியவில்லை. திரும்பத் திரும்பப் போட்டார். தொடர்பு எல்லைக்கு வெளியே என்று ஒரு பெண் குரல் பொறுமையாகச் சொல்லிக்கொண்டே இருந்தது.

பூங்கோதையின் காரில் கிளம்பினார்கள். மேட்டுப்பாளையத்தில் சந்தைக் கூட்டம். லாரிகளில் இருந்து வாழைத்தார் இறக்கிக்கொண்டிருந்தார்கள். பூங்கோதை ஹாரனில் வைத்த கையை எடுக்கவில்லை. மருதாசலம் கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டி மலையைப் பார்த்தார். வாய்க்குள் ஏதோ முனகிக்கொண்டே வந்தார். மருதமலை முருகனைக் கூப்பிட்டாரா, சில்லைக் கெஞ்சினாரா, தெரியாது.

"மேடம்."

"சொல்லுங்க."

"ஷார்ட் ஆகாமயே கூட மேல போயிரலாமுங்க?"

"போயிரலாம்."

"அப்ப?"

"தெரியாது அண்ணாச்சி. பாதையைப் பாருங்க."

மரங்கள் நெருங்கி வெயில் குறைந்தது. முதல் வளைவில் பஸ் இல்லை. இரண்டாவது வளைவிலும் இல்லை. அப்படியானால் நிறுத்தவில்லை. அவர் சொன்னது போய்ச் சேரவில்லை.

அடுத்த திருப்பத்துக்கு மேலே, மரங்களுக்கு நடுவிலிருந்து புகை எழுந்துகொண்டிருந்தது. நல்ல அடர்ந்த வெள்ளைப் புகை.

"ஐயோ" என்றார் மருதாசலம். கார் திரும்பியது.

சாலையோரத்தில் ஒரு ஆள் சருகைக் கூட்டி எரித்துக்கொண்டிருந்தார். காரைப் பார்த்துக் கையைக் காட்டி, "மேல போக முடியாதுங்க, பஸ்ஸு நிக்குது" என்றார்.

மருதாசலம் காரிலிருந்து இறங்கி ஓடினார். அந்த வயதில் அந்த ஏற்றத்தில் அப்படி ஓடக் கூடாது. ஓடினார்.

பஸ் அடுத்த வளைவின் நடுவில் நின்றது. பின் சக்கரங்களுக்குக் கல் வைத்திருந்தார்கள். ஆட்கள் எல்லாரும் கீழே இறங்கி, தடுப்புச் சுவரை ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள். சந்தையில் வாங்கிய கேரட்டை ஒரு பெண் முந்தானையில் துடைத்துக் கடித்துக்கொண்டிருந்தாள். இரண்டு கைக்குழந்தைகளும் தாய்மார்களின் மடியில் இருந்தன. மருதாசலம் முதலில் அவர்களைத்தான் தேடினார். பார்த்ததும் அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

பூங்கோதை வந்து, மின்சாரத்தைத் துண்டித்து, உள்ளே தேங்கியது வடியக் காத்திருந்து, பெட்டியைத் திறந்தார். மருதாசலத்தையும் பார்க்கச் சொன்னார். அவர் டார்ச் அடித்து ஒவ்வொரு சில்லாகப் பார்த்தார். எதுவும் கருகவில்லை. எதுவும் வீங்கவில்லை. பெட்டி புதுசு போல அப்படியே இருந்தது.

முதலாளி அதை எட்டிப் பார்த்தார். அவருக்கும் பயந்துபோன முகம்தான். பெட்டி நன்றாக இருப்பதைக் கண்டதும் அந்தப் பயம் எல்லாம் கோபமாக மாறிவிட்டது.

"என்னுங் மாமா இது? ஒண்ணுமே இல்ல! நடு ரோட்டுல, பச்சக் குழந்தைகளை வெச்சுட்டு, உங்க போனைக் கேட்டு இத்தன பேரை எறக்கி உட்டு... என் மானமே போச்சு. ஃபியூஸ் மாமான்னு உங்களுக்குப் பேரு வெச்சது தப்பே இல்லீங்க!"

சுவரில் உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணுக்கு அந்தப் பெயரைக் கேட்டுச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பக்கத்தில் இருந்தவளுக்கும் தொற்றியது. கொஞ்ச நேரத்தில் சுவர் நெடுகச் சிரித்தார்கள். ஏன் சிரிக்கிறோம் என்று தெரியாதவர்களும் சிரித்தார்கள். இரண்டு சிறுமிகள் "ஃபியூஸ் மாமா, ஃபியூஸ் மாமா" என்று பாட்டாகவே பாட ஆரம்பித்தார்கள். கேரட் தின்ற பெண்ணுக்குப் புரையேறியது. அவள் முதுகில் தட்டிக்கொண்டே மற்றவர்கள் இன்னும் சிரித்தார்கள்.

மருதாசலம் மடிக்கணினியை முழங்காலில் வைத்து, பத்தை மறுபடி இரண்டாக்கினார். பஸ்ஸை ஆளில்லாமல் கீழே திருப்பிக் கொண்டுபோவது என்றும், பெண்கள் அடுத்த அரசு பஸ்ஸில் போவது என்றும் முடிவாயிற்று. முதலாளி யாருக்கோ போன் செய்யச் சிக்னல் தேடி நடந்து போனார்.

பூங்கோதை பெட்டியின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். மருதாசலம் அவர் பக்கத்தில் போய் நின்றார். காதுமடல் வரை சிவந்திருந்தது. கண்ணில் நீர் நின்றது.

"ஒண்ணுமே ஆகலீங்களே மேடம்."

"ஆமா."

"இனி அந்தக் கம்பியைக் கண்டுபுடிக்கற வரைக்கும் வளைவுக்கு வளைவு சும்மாவே நிக்குமுங்க."

"நிக்கும்."

"ஒவ்வொரு தடவையும் நான்தானுங்க வந்து நிக்கோணும். எல்லாரும் சிரிக்கறாங்க மேடம்."

பூங்கோதை கடைசித் திருகாணியை முடுக்கிவிட்டு, சுவர்ப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"சிரிக்கட்டும் அண்ணாச்சி. சிரிக்க ஆள் இருக்குல்லா."